மார்ச் 31-க்குப் பிறகு வரும் பிள்ளைகள்

மார்ச் மாதம் 20-ஆம் தேதி தாண்டிவிட்டால் என் கைபேசி ஓயாது. "மேடம், எட்டு லட்சம் இருக்கு. 31-க்குள்ள செலவு காட்டணும். உங்ககிட்ட ஏதாவது திட்டம் ரெடியா இருக்கா?" ஜூலையில் நான் போய் உட்கார்ந்தபோது "இந்த வருஷம் பட்ஜெட் முடிஞ்சுபோச்சு" என்று சொல்லி அனுப்பிய அதே அலுவலகத்திலிருந்து அந்தக் குரல் வரும். "எட்டு லட்சத்தில் ஒரு கவுன்சிலருக்கு இரண்டு வருடச் சம்பளம் கொடுக்கலாம் சார்" என்பேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு, "டேப்லெட் மாதிரி ஏதாவது வாங்கிக் கொடுக்க முடியுமா பாருங்களேன்" என்பார்கள்.

இளைஞர்களின் மனநலத்துக்காகச் சென்னையில் நடக்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில், கம்பெனிகளிடம் நிதி திரட்டுவது என் வேலை. பதினோரு வருடங்கள் ஆகின்றன. கிண்டி, தரமணி, சிறுசேரி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வாரத்தில் மூன்று நாள் வெளியில்தான் இருப்பேன். வாசல் செக்யூரிட்டியிடம் லேப்டாப்பின் எண்ணை எழுதிக் கொடுத்து, கேமராவுக்கு முகம் காட்டி, விசிட்டர் அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனால் அரை மணி நேரம் கிடைக்கும். பதினாறு வயதுப் பிள்ளை ஏன் மூன்று வாரமாக யாரிடமும் பேசாமல் இருக்கிறாள், அவளருகில் ஒரு ஆள் உட்காருவதற்கு என்ன செலவாகும் என்பதை அந்த அரை மணி நேரத்தில் சொல்லிவிட வேண்டும்.

இந்தத் தேவை சிறியதல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் உட்காரும் ஒரு வகுப்பறையில் ஏறக்குறைய மூன்று பிள்ளைகள் என்று இதை வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்று பேர் யார் என்பது ஆசிரியருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது.

பணம் இல்லாத நாடும் அல்ல இது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகரச் சொத்து 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2022-23-இல் நாடு முழுவதும் இப்படிச் செலவான தொகை ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய். கல்விக்கும் மருத்துவத்துக்கும்தான் அதில் பெரும்பங்கு போகிறது. பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் இந்த இரண்டுக்குள்ளும் அடங்கும். ஆனாலும் அந்தப் பணம் பிள்ளையின் அருகில் உட்காரும் ஆளிடம் வந்து சேருவதில்லை. ஏன் என்று பல வருடங்கள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் கவுன்சிலர் ஒருவர் மூன்று அரசுப் பள்ளிகளுக்குப் போகிறார். ஒரு பள்ளியில் அவருக்குத் தனி அறை கிடையாது. வேதியியல் ஆய்வகத்தை ஒட்டி, உடைந்த ஸ்டாண்டுகளும் பழைய அமிலப் புட்டிகளும் அடுக்கிவைத்த ஒரு சின்ன அறையைத் தலைமையாசிரியர் ஒழித்துக் கொடுத்தார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஜன்னல். செவ்வாயும் வியாழனும் அங்கே இருப்பார். முதல் மாதம் யாரும் வரவில்லை. இரண்டாவது மாதத்தில் ஒரு பெண் ரெக்கார்ட் நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றாள். "கையெழுத்து வாங்கணும் மிஸ்" என்றாள். எதற்குக் கையெழுத்து என்று கவுன்சிலர் கேட்கவில்லை, உட்காரச் சொன்னார். அன்று அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரமும் அதே நோட்டோடு வந்தாள். மூன்றாவது வாரத்தில்தான் அழுதாள். அதன்பிறகு வந்த எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஒரு ரெக்கார்ட் நோட் இருந்தது. லேபுக்குப் போவதுபோலத் தெரிய வேண்டும் என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடிவுசெய்துகொண்டார்கள் போலிருக்கிறது. வேதியியலே படிக்காத ஒரு பையன்கூட ஒருநாள் வேதியியல் நோட்டோடு வந்தான்.

அந்த முதல் பிள்ளை வாயைத் திறக்க மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் அதே கவுன்சிலர் அதே நாற்காலியில் இருந்தார். நாங்கள் செய்யும் வேலை இதுதான். ஒரே ஆள் அடுத்த வாரமும் வருவார், அடுத்த மாதமும் வருவார், விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போதும் இருப்பார் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வர வேண்டும். அது வந்த பிறகுதான் மற்றவை. எங்கள் அமைப்பில் ஒரு கவுன்சிலருக்கு மாதம் 28,000 ரூபாய் தருகிறோம். முதுகலை உளவியல் படித்தவருக்கு அது குறைவு என்பது எனக்குத் தெரியும். வருங்கால வைப்பு நிதி, போக்குவரத்து, அவரை வழிநடத்தும் மூத்த உளவியலாளருக்கான கட்டணம் எல்லாம் சேர்ந்தால் வருடத்துக்கு நான்கு லட்சம். மூன்று பள்ளிகளுக்கு நான்கு லட்சம்.

கம்பெனியில் இதைச் சொன்னால் அந்த வரியைத்தான் முதலில் அடிக்கிறார்கள். "சம்பளம் ஓவர்ஹெட் மேடம். சட்டப்படி அஞ்சு சதவீதத்துக்கு மேல போகக் கூடாது" என்பார்கள். இதை நான் குறைந்தது ஐம்பது அறைகளில் கேட்டிருக்கிறேன். விதி அப்படிச் சொல்லவில்லை. நிர்வாகச் செலவுக்கான 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சமூகப் பொறுப்புப் பிரிவைப் பொதுவாக நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கு உரியது. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியின் வரையறைப் பகுதியிலேயே எழுதியிருக்கிறது. பள்ளியில் உட்காரும் கவுன்சிலர்தான் திட்டமே. அவர் சம்பளத்தை எடுத்துவிட்டால் எங்களிடம் துண்டுப் பிரசுரம்தான் மிச்சம். விதியின் நகலை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். அதைப் படித்துப் பார்த்து மனம் மாறியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. பலர் படிப்பதில்லை.

இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு எளிய காரணம் இருப்பதைப் பிந்தித்தான் புரிந்துகொண்டேன். டேப்லெட் வாங்கினால் மார்ச் 31-க்குள் பில் வந்துவிடும். கொடுத்த பணம் முறையாகச் செலவானது என்று கம்பெனியின் நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும். பில் கையில் இருந்தால் அவருக்குக் கவலை இல்லை. சம்பளமோ மாதம் முடிந்தால்தான் செலவாகும். மார்ச்சில் கொடுத்த பணத்துக்கு அடுத்த நவம்பர் சம்பளத்தின் ரசீதை எங்கிருந்து காட்டுவது? ஆகவே ஒரே நாளில் வாங்கி முடிக்கக்கூடிய பொருள்களின் பக்கமே பணம் ஓடுகிறது. அந்த மேலாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

ஆனால் பிள்ளைகளின் வருடம் மார்ச்சில் முடிவதில்லை. தமிழ்நாட்டில் மார்ச் பரீட்சைக் காலம். முடிவுகள் வருவது மே மாதத்தில். 2025-இல் பிளஸ் டூ முடிவு மே 8 அன்று வந்தது. பத்தாம் வகுப்பு முடிவு மே 16. நீட் முடிவு ஜூன் 14. அந்த ஆறு வாரங்களில்தான் எங்கள் உதவி எண்ணுக்கு அழைப்புகள் குவியும். அதே ஆறு வாரங்களில்தான் எங்கள் கையில் பணமும் இருக்காது. பழைய ஒப்பந்தம் மார்ச் 31-உடன் முடிந்திருக்கும். புதிய ஆண்டுக்கான திட்டம் இயக்குநர் குழுவின் மேஜைக்குப் போக ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். எங்கள் அனுபவத்தில் முதல் தவணை கைக்கு வரத் தீபாவளி நெருங்கிவிடும். ஏப்ரல் 1 அன்று கவுன்சிலரைக் கூப்பிட்டு, "இப்போதைக்கு நிறுத்திக்கொள்வோம், பணம் வந்ததும் சொல்கிறேன்" என்று நான் சொல்ல வேண்டியிருந்த வருடங்கள் உண்டு. அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்த நாற்காலியில் ஒரு புது முகம் இருக்கும், அல்லது யாருமே இருக்க மாட்டார்கள். ரெக்கார்ட் நோட்டோடு வந்த பிள்ளை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பாள்.

மே 8 காலை 9 மணிக்கு முடிவு வெளியானபோது, ஒப்பந்தம் முடிந்துபோன எங்கள் கவுன்சிலர் ஒருவர் தானாகவே அலுவலகத்துக்கு வந்திருந்தார். இரவு வரை போனை வைக்கவில்லை. ஒரு பையன் இரண்டு பாடங்களில் தவறியிருந்தான். வீட்டுக்குப் போகாமல் ஒரு பேருந்து நிலையத்திலிருந்து பேசினான். அவனிடம் கவுன்சிலர் முதலில் கேட்டது, "சாப்பிட்டியா?" என்பதுதான். பிறகு, ஜூன் கடைசியிலேயே துணைத் தேர்வு இருக்கிறது, தேறிவிட்டால் இந்த வருடமே கல்லூரியில் சேரலாம் என்று பொறுமையாகச் சொன்னார். அது அவனுக்குத் தெரியாது. தவறினால் ஒரு வருடம் வீண் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவன் மாமாவின் எண்ணை வாங்கி, அவர் வந்து சேரும் வரைக்கும் இவர் பேசிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவருக்குச் சம்பளம் தர என்னிடம் எந்த நிதியும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 'தொடர் திட்டம்' என்று இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டால், தொடங்கிய நிதியாண்டை விட்டுவிட்டு மூன்று ஆண்டுகள் வரை ஒரு திட்டத்தை நடத்தலாம். ஆண்டு முடிவில் மீதமிருக்கும் தொகையை 30 நாள்களுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி வைத்தால், அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் அந்தத் திட்டத்துக்கே செலவிடலாம். கட்டடம் கட்டுகிறவர்கள் இந்த வழியைத் தயங்காமல் பயன்படுத்துகிறார்கள். கட்டடம் எழும்ப நாளாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பிள்ளை வாயைத் திறக்கவும் நாளாகும் என்று நான் சொல்லித்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

கட்டடம் என்றதும் ஒரு அறை நினைவுக்கு வருகிறது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு கம்பெனி ஆறரை லட்சம் செலவில் ஒரு பள்ளியில் 'மனநல அறை' அமைத்துக் கொடுத்தது. சுவரில் பட்டாம்பூச்சி ஓவியம், தரையில் மெத்தை, வண்ண வண்ணப் பீன் பேக்குகள், கதவுக்கு மேலே கம்பெனியின் பெயர்ப் பலகை. நன்றாகத்தான் இருந்தது. அறையில் உட்கார ஆள் வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்தேன். "அது அடுத்த ஃபேஸ்ல பார்க்கலாம்" என்றார்கள். ரிப்பன் வெட்டி, படம் எடுத்தாயிற்று. அடுத்த ஃபேஸ் வரவில்லை. அந்த மேலாளர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஒரு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அறை பூட்டியிருந்தது. சாவியைத் தேடித் திறந்தால், பாடப்புத்தகக் கட்டுகள் சுவரின் பட்டாம்பூச்சிகளை மறைத்து அடுக்கியிருந்தன. தலைமையாசிரியர் மேல் தவறில்லை. அவருக்கு இருந்தது ஒரு காலி அறை; புத்தகம் நனையாமல் வைக்க இடம் வேண்டியிருந்தது.

படத்துக்கு இருக்கும் இந்த ஆசை எங்கள் துறையில் வேறொரு விதத்திலும் வந்து நிற்கும். ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. பன்னிரண்டு லட்சம் தருவதாக ஏறக்குறைய முடிவாகிவிட்டது. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு கூப்பிட்டார்கள்: "உங்களால குணமான ஒரு பொண்ணை மேடைக்குக் கூட்டிட்டு வர முடியுமா? ரெண்டு நிமிஷம் பேசினா போதும். ஊழியர்களுக்கு ஒரு கனெக்ட் கிடைக்கும்." முடியாது என்றேன். முகத்தை மறைத்து வீடியோ? அதுவும் முடியாது. பதினைந்து வயதில் ஒரு பிள்ளை தன் உயிரைப் பற்றி ஒரு மூடிய அறையில் சொன்னதை இருபத்தைந்து வயதில் அவளுடைய வருங்கால மாமியார் கைபேசியில் பார்க்கும் ஊர் இது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காப்பதை ஒருவரின் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் பதில் அதுதான். அந்தப் பன்னிரண்டு லட்சம் வரவில்லை. மூன்று கவுன்சிலர்களின் ஒரு வருடச் சம்பளம் அது. அலுவலகத்துக்குத் திரும்பி வந்து அந்த மூன்று பேரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இன்னொரு முறை கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லும் நிலைக்கு ஒரு தொண்டு நிறுவனத்தைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது.

யாரிடம் பணம் வாங்கலாம் என்ற கேள்வியும் இருக்கிறது. ஒருமுறை ஒரு இணைய ரம்மிக் கம்பெனி தானாக வந்து பெரிய தொகை தருவதாகச் சொன்னது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2023-இல் சட்டம் கொண்டுவருவதற்கு முந்தைய காலம் அது. அதில் பணத்தை இழந்த இளைஞர்கள் எங்கள் எண்ணுக்கே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொகையை மறுப்பது எளிதாக இருந்தது. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் நிறுவனம் வந்தபோது அவ்வளவு எளிதாக இல்லை. பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் உட்காரவைக்கும் இடத்திலேயே ஒரு கவுன்சிலர் இருந்தால் நல்லதுதானே என்றார்கள் எங்களில் சிலர். மதிப்பெண் பட்டியலை வாசலில் ஒட்டுவதை நிறுத்தினால் வருகிறோம் என்று நிபந்தனை வைத்தோம். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்கு முழுத் தெளிவு இல்லை. அந்தக் கட்டடத்திலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கம்பெனிக்காரர்கள் கல்மனசுக்காரர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை. பயிற்சியாளர்களாக ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் நிறைய பேர், பத்தொன்பது இருபது வயது. முதல் கூட்டத்தில் உதவி எண் அச்சிட்ட தாள்களை மேஜைமேல் வைத்தேன். ஒருவர்கூட எடுக்கவில்லை, பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். அடுத்த முறை, கழிப்பறைக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டச் சொன்னேன். அடியில் கத்தரித்துவிட்ட சின்னச் சின்னச் சீட்டுகள், வீடு வாடகை விளம்பரத்தில் இருக்குமே அதுபோல. ஒவ்வொன்றிலும் 14416 என்ற எண். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம். கூடவே, 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சிநேகாவின் 044-24640050. கம்பெனியின் பெயர் இல்லை, எங்கள் பெயரும் இல்லை. மறுவாரம் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். "எல்லாச் சீட்டும் போயிடுச்சு மேடம், இன்னும் அனுப்புங்க" என்றார். கொஞ்சம் தயங்கி, "நம்ம மேனேஜர்ஸ் டாய்லெட்லயும் ஒட்டலாமா?" என்று கேட்டார். அங்கேயும் ஒரு தாள் ஒட்டினோம். அதிலும் சீட்டுகள் போயின.

அந்தக் கம்பெனிதான் பிறகு எங்களோடு மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டது. தொடர் திட்டமாகவே ஒப்புதல் வாங்கினார்கள். ஒப்பந்தத்தில் பொருள் என்று ஒன்றுமே கிடையாது. நான்கு கவுன்சிலர்களின் சம்பளம், ஒரு மேற்பார்வையாளர், பயணச் செலவு, அவ்வளவுதான். எத்தனை பயனாளிகள் என்ற கட்டத்தில் ஒரு லட்சம் என்று நிரப்புவதற்கு எனக்கும் தெரியும்; ஒரு எஃப்.எம். நிகழ்ச்சி நடத்தினால் போதும், தலைக்கு ஆகும் செலவும் குறைவாகத் தெரியும். அவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சம்மதித்தார்கள். அதற்குப் பதிலாக, வருடத்தில் எத்தனை செவ்வாய், எத்தனை வியாழன் கவுன்சிலர் தவறாமல் பள்ளியில் இருந்தார், ஒரே பிள்ளை எத்தனை முறை திரும்பி வந்தார் என்று பெயர் இல்லாமல் கணக்குத் தருகிறோம். தணிக்கையாளர் அதை ஏற்றுக்கொண்டார். மே, ஜூன் இரண்டு மாதங்களுக்கான தொகையை மார்ச்சிலேயே தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டதையும் ஒரு வரியாகச் சேர்த்தார்கள். ஒரு கம்பெனியால் முடிந்தது இன்னும் பத்துக் கம்பெனிகளால் முடியும். அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்துக்குக் காகிதம் தயாரிக்கும் மேலாளர்கள் இதைப் படித்தால், அந்த ஒரு வரியை மட்டுமாவது சேர்த்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வகத்துப் பக்கத்து அறையில் இப்போதும் அதே இரண்டு நாற்காலிகள்தான். ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறோம். அதே கவுன்சிலர், மூன்றாவது வருடம். பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர்கள் இருவர் தங்கள் பள்ளிக்கும் ஆள் கேட்டிருக்கிறார்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வந்துவிட்டது. சம்பளத்துக்குத்தான் இன்னும் இடம் தேடுகிறேன். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி அரை மணி நேரம் கொடுத்திருக்கிறது.